மேற்குப் பாசறையில் ஒரு தறி

(இரண்டாமாண்டு, இளம் அறிவியல் - வேதியியல்)

'ஆள் பாதி, ஆடை பாதி' என்பது நம் முன்னோர் வாக்கு. ஜப்பானியப் பெண்மணி ஒருவரிடம் இதைச் சொன்னால், 'ஆடை பாதி, கச்சை பாதி' என்று மேலும் ஓரடி சேர்த்துச் சொல்லக்கூடும். அவர்கள் அணியும் கிமோனோ என்னும் நீண்ட அங்கிக்குப் பொத்தானும் இல்லை, கொக்கியும் இல்லை. முன்புறம் ஒன்றன்மேல் ஒன்றாக மடித்து, இடையில் அகன்ற பட்டுக் கச்சை ஒன்றைச் சுற்றி முதுகில் முடிச்சிட்டால்தான் அது உடலில் நிற்கும். அந்தக் கச்சைக்கு 'ஓபி' என்று பெயர். ஒரு கிமோனோவுக்கு மூன்று ஓபி வேண்டும் என்று அந்நாட்டில் ஒரு பழமொழியே உண்டாம். ஓபியை மாற்றினால் பழைய கிமோனோவும் புதிதாகிவிடும் என்பது அதன் பொருள்.

வேதியியல் மாணவனுக்கு இந்தக் கச்சையைப் பற்றி என்ன கவலை என்று நண்பர்கள் கேட்கலாம். நான் நெசவாளர் வீட்டுப் பிள்ளை. எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நானே. சென்ற ஆண்டு நம் நூலகத்தில் ஒரு படப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தபோது, கியோட்டோ நகரில் நெய்த பழைய ஓபி ஒன்றின் வண்ணப்படத்தைக் கண்டேன். பொன் தரையில் நாரைகள் பறந்தன. அதை வீட்டுக்கு எடுத்துச் சென்று அப்பாவிடம் காட்டினேன். மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு நெடுநேரம் பார்த்துவிட்டு, "எல்லாம் சரிடா, இதோட பின்பக்கம் எப்படி இருக்கும்?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. அந்தப் பதிலைத் தேடப்போய் நான் கற்றுக்கொண்டவையே இக்கட்டுரை.

போரில் பிறந்த பெயர்

ஜப்பானிய ஓபிப் பட்டுக்குத் தலைமையிடம் கியோட்டோ நகரின் வடமேற்குப் பகுதியாகிய நிஷிஜின். அங்கே நெய்யும் துணிக்கு நிஷிஜின் நெசவு என்றே பெயர். 'நிஷி' என்றால் மேற்கு. 'ஜின்' என்றால் பாசறை. அமைதியாகத் தறி ஓட்டும் இடத்துக்குப் பாசறை என்ற பெயர் எப்படி வந்தது? 1467 முதல் 1477 வரை கியோட்டோவில் ஓனின் போர் என்ற உள்நாட்டுப் போர் நடந்தது. கிழக்கே ஓர் அணியும் மேற்கே ஓர் அணியுமாகப் பிரபுக்கள் மோதிக்கொண்டனர். நகரில் பெரும்பகுதி சாம்பலாயிற்று. நெசவாளர்கள் தறியையும் வீட்டையும் விட்டு வெளியூர்களுக்கு ஓடினர். போர் ஓய்ந்தபின் திரும்பி வந்தவர்கள், மேற்கு அணியின் தலைவர் யமனா சோஸென் பாசறை அமைத்திருந்த பகுதியில் மீண்டும் தறி நட்டார்கள். பாசறை போயிற்று, பெயர் மட்டும் துணியில் ஒட்டிக்கொண்டது.

அதற்கும் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே அங்குப் பட்டு நெசவு இருந்தது. கொரியா வழியாக வந்து கியோட்டோப் பகுதியில் குடியேறிய ஹாதா குலத்தார் பட்டுப்புழு வளர்ப்பிலும் நெசவிலும் பெயர் பெற்றவர்கள். பின்னர் அரண்மனைக்கென்றே நெசவுத் துறை ஒன்றும் இயங்கியது. ஆனால் நிஷிஜின் என்ற பெயரோடு தொடங்கும் கதை, எல்லாவற்றையும் இழந்து திரும்பியவர்களின் கதை. 1730-இல் பெருந்தீ ஒன்று பரவி, அங்கிருந்த ஏறத்தாழ 7,000 தறிகளில் 3,000-க்கு மேற்பட்டவை எரிந்தபோதும் அவர்கள் மறுபடி தறி நட்டார்கள்.

ஓபியும் முதலிலிருந்தே இவ்வளவு அகலமாக இருந்ததில்லை. தொடக்கத்தில் அது ஒரு மெல்லிய கயிறு அல்லது குறுகிய பட்டை, அவ்வளவே. 17, 18-ஆம் நூற்றாண்டுகளில்தான் படிப்படியாக அகன்று நீண்டு, கிமோனோவையே பின்னுக்குத் தள்ளும் அழகுப் பொருளாயிற்று. இன்று பெரிதும் வழங்கும் மேளமுடிச்சு 19-ஆம் நூற்றாண்டில் வழக்குக்கு வந்தது. முன்னாளில் பெருமைக்குரியதாக இருந்தது 'மாரு ஓபி'. ஏறத்தாழ 68 சென்டிமீட்டர் அகலமுள்ள சித்திரப்பட்டை நீளவாக்கில் இரண்டாக மடித்துத் தைப்பார்கள். இரு பக்கமும் சித்திரமே. நீளம் நான்கு மீட்டருக்கும் மேல். அதைக் கட்டிக்கொண்டு நாள் முழுதும் நடமாடிய பெண்களின் பொறுமையை எண்ணி வியக்கிறேன்! 20-ஆம் நூற்றாண்டில் எடை குறைந்த வகைகள் பரவியபின், மாரு ஓபி மணப்பெண்ணுக்கு மட்டும் உரியதுபோல் ஒதுங்கிவிட்டது. இன்று பழம்பொருள் கடைகளில் இதைத் தேடி வாங்குவோரும் உண்டு.

தறியின் மேல் ஓர் ஆள்

சித்திரம் எப்படித் துணியில் விழுகிறது? பாவு நூல்களுள் சிலவற்றை மேலே தூக்கி, சிலவற்றைக் கீழே விட்டு, இடையில் ஊடை நூலைச் செலுத்துவதுதான் நெசவு. வெறும் துணியானால் மிதியை மிதித்தால் போதும். நாரை நெய்ய வேண்டுமானால் ஒவ்வோர் ஊடைக்கும் வெவ்வேறு நூல்கள் எழ வேண்டும். ஆயிரக்கணக்கான பாவு நூல்களில் இந்த ஊடைக்கு எவை எவை என்று யார் நினைவு வைத்துத் தூக்குவது?

பழைய நிஷிஜின் தறியில் இதற்கென்றே இரண்டாவது ஆள் ஒருவர் இருந்தார். தறியின் மேற்சட்டத்தில், கூரைக்கு அருகே ஏறி அமர்ந்துகொள்வார். பாவு நூல்களோடு பிணைத்த கயிறுகள் அவர் கைக்கு எட்டும். சித்திரத்தின் முறைப்படி கயிற்றுக் கொத்தை அவர் இழுத்துப் பிடிக்க, கீழே இருப்பவர் நாடாவை எறிந்து அச்சை அடிப்பார். மறுபடி வேறொரு கொத்து. மறுபடி ஓர் ஊடை. ஒருவர் தவறினால் இருவர் உழைப்பும் கெட்டுவிடும். நாள் முழுதும் உழைத்தாலும் நுணுக்கமான வேலையில் சில விரற்கடைதான் நகரும். இதற்காகவே அப்பகுதி வீடுகளின் பின்கட்டு உயரமான கூரையோடும், மண்தரையோடும் கட்டப்பட்டது. மண்தரையின் ஈரப்பதம் பட்டு நூல் அறுந்துபோகாமல் காக்கும். நம் குழித்தறிக்கும் அதே நியாயந்தான்.

இதை நான் படித்துச் சொன்னபோது திண்ணையில் இருந்த தாத்தா காதைத் தீட்டிக்கொண்டார். கோர்வைச் சேலையில் உடலுக்கும் கரைக்கும் வேறு வேறு நிறம் என்பதால் மூன்று நாடா ஓடும். பக்கத்தில் ஒரு சிறுவன் உட்கார்ந்து கரை நாடாவைப் போட்டுக் கொடுக்க வேண்டும். தாத்தா எட்டு வயதில் அப்படி உட்கார்ந்தவர். பள்ளிக்கூடம் அத்தோடு முடிந்தது. "மேலே ஏறி இழுத்தானே, அவனுக்கு என்னப்பா கூலி?" என்று கேட்டார். நெய்தவருக்கும் முதலாளிக்கும் உள்ள கணக்கையே புத்தகங்கள் பேசுகின்றன தாத்தா என்றேன். "அது எல்லா ஊர்லயும் அப்படித்தான்" என்று திரும்பிப் படுத்துக்கொண்டார்.

லியோனுக்குச் சென்ற மூவர்

1869-இல் பேரரசர் கியோட்டோவை விட்டு டோக்கியோவுக்குச் சென்றார். ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் தலைநகராக இருந்த ஊர் வெறிச்சோடியது. பட்டு வாங்கிய அரண்மனையும் பிரபுக்களும் போனபின் நிஷிஜின் தறிகள் யாருக்காக ஓடும்? அப்போது கியோட்டோ ஆட்சியாளர்கள் துணிந்து ஒரு காரியம் செய்தார்கள். 1872-இல் சகுரா சுனெஷிச்சி, இனோவே இஹெய், யோஷிதா சூஷிச்சி ஆகிய மூவரைப் பிரான்சு நாட்டின் பட்டு நகரமாகிய லியோனுக்கு அனுப்பினார்கள். இவர்கள் பிரபுக்களல்லர், அறிஞர்களுமல்லர். தறியோடு பழகிய தொழிலாளர்கள். கப்பலேறிச் சென்று, மொழி தெரியாத ஊரில் தறியைப் பார்த்துப் பார்த்துக் கற்றார்கள்.

அங்கே அவர்கள் கண்டது ஜக்கார்டு பெட்டி. லியோன் நகரத்து ஜோசப் மரி ஜக்கார் 1804-ஐ ஒட்டி உருவாக்கியது. நம் நெசவூர்களில் வளர்ந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. மற்ற நண்பர்களுக்காகச் சொல்கிறேன். ஓர் ஊடைக்கு ஓர் அட்டை. அட்டையில் துளை இருந்தால் அதற்குரிய ஊசி உள்ளே நுழையும். அந்தக் கொக்கி மேலெழுந்து பாவு நூலைத் தூக்கும். துளை இல்லாவிட்டால் ஊசி பின்தள்ளப்படும். நூல் கீழேயே நிற்கும். அட்டைகளை வரிசையாகக் கோத்து மாலையாகத் தொங்கவிட்டால், மிதிக்க மிதிக்க ஒவ்வோர் அட்டையாகத் திரும்பும். மேலே அமர்ந்து கயிறு இழுத்தவரின் நினைவு முழுவதும் அட்டைத் துளைகளுக்குள் இறங்கிவிட்டது. துளை உண்டு, துளை இல்லை என்ற இரண்டே சொற்களில் ஒரு நாரையை எழுதிவிடலாம்! பின்னாளில் கணிப்பொறிக்கு ஆணை கொடுக்கவும் துளையட்டையைத்தான் பயன்படுத்தினார்கள் என்பது நம் கணிதத் துறை நண்பர்கள் அறிந்ததே.

சகுராவும் இனோவேயும் 1873 இறுதியில் ஜக்கார்டு பெட்டியோடும் பிற கருவிகளோடும் ஊர் திரும்பினர். யோஷிதா மேலும் கற்க வேண்டுமென்று பின்தங்கினார். 1874 மார்ச்சில், அவர் ஏறி வந்த 'நீல்' என்ற பிரெஞ்சுக் கப்பல் ஜப்பானின் இஸு தீபகற்பத்துக்கு அருகே, கரையை நெருங்கிவிட்ட நிலையில், மூழ்கியது. யோஷிதா உயிரிழந்தார். வியன்னாப் பொருட்காட்சியிலிருந்து திரும்பிய கலைப்பொருள்களும் அக்கப்பலோடு கடலுக்குள் போயின. கலைப்பொருள்களை மீட்க முயன்ற செய்தி வரலாற்றில் விரிவாக உள்ளது. கற்றதை மனத்தில் வைத்துக்கொண்டு கடலில் போன அந்த மனிதரைப் பற்றி ஓரிரு வரிகளே காணப்படுகின்றன.

கொண்டுவந்த இயந்திரம் அயல்நாட்டு இரும்பு. விலை கொடுத்து வாங்க எத்தனை பேரால் முடியும்? 1877-இல் கியோட்டோக் கைவினைஞர் அராகி கோஹெய் அதைப் பார்த்து மரத்தாலேயே ஒரு ஜக்கார்டு செய்து முடித்தார். ஜப்பானில் செய்த முதல் ஜக்கார்டு அதுவே. அதன்பின் அது மெல்ல மெல்லப் பரவ, மேற்சட்டத்தில் இருந்தவர் இறங்கினார். லியோனுக்குப் போன மூவர் பெயரும் மரத்தில் செய்தவர் பெயரும் நமக்குத் தெரிகின்றன. இறங்கியவர்களின் பெயர்ப்பட்டியல் எதுவும் என் கண்ணில் படவில்லை.

வேதியியல் மாணவன் கண்டவை

இனி என் பாடத்துக்கு வருகிறேன். புழு நூற்ற பட்டிழையில் இரண்டு புரதங்கள் உண்டு. உள்ளே ஃபைப்ரோயின், அதைச் சுற்றிப் பசைபோல் செரிசின். எடையில் ஏறத்தாழக் கால்பங்கு இந்தப் பசையே. இது இருக்கும்வரை பட்டு முரடாக, மங்கலாக இருக்கும். வெந்நீரில் சோப்போ காரமோ சேர்த்துக் கொதிக்கவைத்தால் செரிசின் கரைந்து, மின்னும் இழை வெளிப்படும். முற்காலத்தில் வைக்கோல் சாம்பலைக் கரைத்து வடித்த காரநீரை ஜப்பானியர் பயன்படுத்தினர். காரம் மிகுந்தால் ஃபைப்ரோயினும் கெடும். குறைந்தால் சாயம் சீராக ஏறாது. காரத்தின் வலிவை அளக்க எந்தக் கருவியும் இல்லாத காலத்தில் அதைக் கைப்பழக்கத்தாலேயே கண்டறிந்தார்கள் என்றால், நம் ஆய்வுக்கூடத்தில் பிப்பெட்டோடு தடுமாறும் எனக்கு வெட்கமாக இருக்கிறது. நிஷிஜினில் நூலைச் சாயமிட்ட பிறகே நெய்வார்கள். நெய்தபின் சாயம் தோய்ப்பதோ மேலே தீட்டுவதோ அவர்கள் வழியன்று.

பொன் தரை எப்படி வந்தது என்பதுதான் என்னை மிகவும் மயக்கியது. நம் ஜரிகை, இழையின் மேல் உலோகம் சுற்றியது. அவர்களிடம் அவ்வகையும் உண்டு. ஆனால் 'ஹிகிபாகு' என்ற முறை வேறு. கைக்காகிதத்தின் மேல் அரக்குப் பசை தடவி, அதன்மீது பொன் தகட்டையோ வெள்ளித் தகட்டையோ ஒட்டுகிறார்கள். சில வேளை அதிலேயே சித்திரமும் அமைப்பதுண்டு. பின்னர் அந்தக் காகிதத்தை மிக மெல்லிய கீற்றுகளாக நறுக்குகிறார்கள். அரை மில்லிமீட்டருக்கும் குறுகிய கீற்றுகள் உண்டு. வரிசை கலையாதிருக்க ஓரத்தை மட்டும் வெட்டாமல் விடுவார்கள். நெசவாளர் ஒவ்வொரு கீற்றாகப் பிரித்து, மூங்கில் கொக்கியால் பாவுக்கு ஊடே இழுத்து ஊடையாக்குவார். ஒரு கீற்று திரும்பிவிட்டால் பொன்னுக்குப் பதில் காகிதம் தெரியும். ஒன்று முன்பின்னானால் சித்திரம் முறிந்துவிடும். காகிதத்தை நறுக்கி, அதே வரிசையில் மீண்டும் துணிக்குள் காகிதமாகச் சேர்க்கிறார்கள் என்று சொன்னால் தவறாகாது.

வெள்ளித் தகட்டில் இன்னொரு விந்தை. வெள்ளி, கந்தகத்தோடு சேர்ந்தால் வெள்ளி சல்பைடு ஆகிக் கறுக்கும். வீட்டில் வெள்ளிக் கொலுசு கறுப்பதும் இதனால்தான். நமக்கு இது குறை. நிஷிஜின் தகட்டுத் தொழிலாளிக்கு இதுவே வண்ணப்பெட்டி. வெள்ளித் தகட்டைக் கந்தகத்துக்கு அளவோடு காட்டி, மேலே படியும் படலம் தடிக்கத் தடிக்க மஞ்சள், சிவப்பு, நீலம், கடைசியில் கறுப்பு என நிறங்களை வரவழைக்கிறார். சாயமே இல்லாத நிறம்! படலத்தின் தடிப்பால் ஒளி மாறுபடும் இந்த நுட்பத்தைப் பௌதிகப் பேராசிரியர்கள் என்னைவிட நன்றாக விளக்குவார்கள். பழைய ஓபிகளில் வெள்ளி இருந்த இடம் கருமை படர்ந்திருந்தால், தொழிலாளி நிறுத்திய வேலையைக் காற்று தொடர்ந்திருக்கிறது என்று கொள்ளலாம்.

இயந்திரம் எட்டாத நெசவும் அங்கே உண்டு. 'சுசுரே' என்ற அந்த முறையில் ஒவ்வொரு நிற ஊடையும் தனக்குரிய பகுதியில் மட்டும் போய்த் திரும்பும். அச்சடித்தால் முழு அகலமும் அடிபடும் என்பதால், நெசவாளர் தம் நகத்தை அரம்போல் பல்பல்லாக ராவிக்கொண்டு, நகத்தாலேயே ஊடையை வாரி இறுக்குவார். ஐரோப்பா சென்று அந்நாட்டுத் திரைச்சீலை நெசவைக் கண்டு திரும்பிய இரண்டாம் கவஷிமா ஜிம்பெய் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இதை மேலும் வளர்த்தார். என் மதிப்பில் ஜக்கார்டு நெசவைவிட இதுவே உயர்ந்தது. அப்பா ஒப்பவில்லை. "நகத்தால நெய்யலாம், வயித்துக்கு எதால சாப்பிடறது?" என்பது அவர் கட்சி.

அவருடைய முதல் கேள்விக்கும் விடை கிடைத்தது. நிஷிஜினில் பல ஓபிகளைச் சித்திரப்பக்கம் கீழே இருக்குமாறுதான் நெய்கிறார்கள். நெய்பவர் கண்முன் இருப்பது பின்பக்கமே. அழகான பக்கத்தைப் பார்க்கக் கீழே கண்ணாடி பிடிக்க வேண்டும். அப்பா சிரித்துவிட்டார். "அப்ப நம்மாளுங்கதான்" என்றார்.

கணிப்பொறியும் முதியவரும்

1940-இல் போர்க்கால அரசு ஆடம்பரப் பொருள்களுக்குத் தடை விதித்தபோது பொன்னிழைப் பட்டு முடங்கியது. போருக்குப் பின் மீண்டது. 1976-இல் ஜப்பான் அரசு நிஷிஜின் நெசவை மரபுக் கைத்தொழிலாக அறிவித்துப் பட்டியலில் சேர்த்தது. ஆனால் கிமோனோ அன்றாட உடை என்ற நிலையிலிருந்து திருமணத்துக்கும் தேநீர் விழாவுக்கும் உரிய உடையாகச் சுருங்கிவிட்டதால், தறிகளும் குறைந்துகொண்டே வந்தன. 1980-களில் துளையட்டைகளும் விடைபெறத் தொடங்கின. சித்திரத்தைக் கணிப்பொறியில் ஏற்றி நேரே தறிக்குச் செலுத்தினார்கள். மேலே இருந்தவரை இறக்கிய அட்டையை, இப்போது அட்டை இல்லாத பெட்டி இறக்கிவிட்டது. கட்டமிட்ட தாளில் சித்திரம் எழுதுபவர், அட்டை அடிப்பவர், கோப்பவர், சாயமிடுபவர், தகடு நறுக்குபவர் என்று ஓர் ஓபிக்கு இருபதுக்கு மேற்பட்ட கைவேலைகள். ஒவ்வொன்றும் தனித்தனி வீட்டில் நடப்பது. ஒரு வீட்டில் முதியவர் கண்மூடினால், அந்த வேலைக்கு அடுத்த ஆள் தேட வேண்டியிருக்கிறது. இன்று அங்கே தறியில் அமர்வோரில் பெரும்பாலோர் முதியவர்களே. எங்கள் தெருவிலும் தறியில் அமர்பவர்களில் என் வயதினர் யாரும் இல்லை. நான் இங்கே கட்டுரை எழுதிக்கொண்டிருக்கிறேன்!

கடைசியாக யமகுச்சி இதரோவைப் பற்றிச் சொல்ல வேண்டும். 1901-இல் நிஷிஜினில் பிறந்து, ஓபி நெசவுத் தொழிலிலேயே வாழ்ந்தவர். எழுபது வயதில், பிறர் ஓய்வெடுக்கும் காலத்தில், விற்பனைக்கல்லாத ஒரு வேலையைத் தொடங்கினார். 12-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த புகழ்மிக்க 'கெஞ்சி கதை' ஓவியச் சுருள்களைப் பட்டில் நெய்வது. மூங்கில் தட்டிக்குப் பின்னே மங்கலாகத் தெரியும் உருவத்தையும் தூரிகையின்றி நூலிலேயே கொண்டுவர வேண்டும். அதற்காகப் புதிய நெசவு முறைகளை வகுத்து, கைதேர்ந்த தொழிலாளர்களைக் கொண்டு, முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக நெய்வித்தார். அச்சுருள்களைப் பாரிஸ் நகரின் கிமே அருங்காட்சியகத்துக்குக் கொடையாகவும் அளித்தார். ஜக்கார்டைக் கொடுத்த நாட்டுக்கு நிஷிஜின் பட்ட கடனுக்காக. யோஷிதா கடலில் மூழ்கி ஏறத்தாழ நூற்றிருபது ஆண்டுகளுக்குப் பின் அந்தப் பட்டு மேற்கே பயணப்பட்டது.

யமகுச்சி 2007-இல், 105-ஆம் வயதில் காலமானார். அப்போது நான்காம் சுருள் தறியில் இருந்தது. உடனிருந்தவர்கள் தொடர்ந்து நெய்து 2008-இல் அதை இறக்கினார்கள்.